ஏழாவது கம்பி

குலசேகரத்துக்கு வடக்கே
ரப்பர் ஷீட் காயும் புகைப்புரைக்குப் பின்னால்
எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை.
மாதம் ஆயிரத்து இருநூறு, கரண்ட் தனி.
ஆம்ப்ளிஃபயரின் முதுகைக் கழற்றினால்
உறைந்த ரப்பர் பாலும் ஆசிட்டும்
ஈரச் சாக்கும் மணக்கும்.

இந்த வருடம் எல்லோரும் கீழே இறங்குகிறார்கள்.
ஆறு கம்பி போதாது. ஏழு, எட்டு.
நாற்பது நொடிக்கு ஒருமுறை பாட்டை நிறுத்தி
பிடரியில் விழுகிற மாதிரி ஒரு மெதுவான அடி.
பெங்களூரில் மேடை தருகிறவர்கள்
அது எத்தனையாவது நொடியில் வருகிறதென்று கேட்டுவிட்டுத்தான்
எங்கள் பேரையே கேட்கிறார்கள்.

நானும் வாங்கினேன் ஏழு கம்பி,
பதினெட்டு மாதத் தவணையில்.
வாங்கிய இரவே
யாரையும் காப்பியடிக்கப் போவதில்லை என்று
ரெஜிஸிடம் சத்தியம் செய்தேன்.
டிரம்முக்குப் பின்னாலிருந்து அவன் சிரித்தது
சிம்பலைவிடக் கூர்மை.

"அப்போ நம்ம ஊரைக் கொண்டு வா மக்கா," என்றான் அன்சாத்.
"வில்லு, குடம், உடுக்கு. நடுவுல சொருகு."
சொருகினோம்.
குடத்து வாயில் தட்டியதைப் பதிந்து
கிட்டாருக்கு அடியில் ஒட்டினோம்.
சுற்றுலா விளம்பரத்துக்குக்
கோரைப்பல் முளைத்தது போலிருந்தது.
போதாததற்கு, ஆறே மாதத்தில்
குடம் ஒட்டிய பதினோரு பாட்டு
எங்கள் போனுக்குள்ளேயே வந்து கிடந்தது.
ஊரும் ஒரு டிரெண்டுதான், கேட்டியா.

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
கறுப்பு டீ-ஷர்ட் விற்கிறவன் கடையில்
'என் வழி மட்டும்' என்று அச்சடித்தது
மூன்று அளவில் தொங்குகிறது.
என் அளவு தீர்ந்துவிட்டது.

பெனிலாவிடம் கேட்டேன்:
குளச்சலில் விடியக்காலம் நீ மீன் ஏலம் கூவுகிறாயே,
அந்தக் குரலை, அதே வேகத்தில்,
இரண்டாவது பத்தியில்...
அவள் மைக்கைக் கீழே வைத்தாள்.
"ஏலத்துக்கு எனக்குக் கமிஷன் உண்டு.
இங்க நான் வாறது
அந்த ஆளா இல்லாம இருக்கத்தான்."
பிறகு தண்ணீர் குடித்துவிட்டு
பனி விழும் ஏதோ தேசத்தில் எவனோ தொடங்கிவைத்த உறுமலை
அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.
அதில் கடல் இல்லை, கவிச்சி இல்லை.
முழுக்க அவளுடையது.

மே கடைசி. மழைக்கு முன்னால் பதிவு.
ஏழாவது கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி
எல்லோரும் போய் விழும் பள்ளத்துக்கே இறக்கி
அந்த மெதுவான அடியை அடித்தேன்.
கூரையில் ஒரு தகரம்
சிர்ர் என்றது,
அடிக்கு அரை மூச்சு பின்னால்.
நிறுத்தினால் நின்றது. அடித்தால் மறுபடி.
வேறெந்தச் சுரத்துக்கும் அது அசையவில்லை.

எர்ணாகுளத்தில் மிக்ஸ் செய்கிறவன் எழுதினான்:
'இரண்டு நிமிடம் பதினான்கில் அழுக்கு. துடைத்துவிட்டேன்.'
துடைத்ததைக் கேட்டோம்.
நன்றாக இருந்தது.
எல்லோருடையதையும் போல
நன்றாக இருந்தது.
அழுக்கைத் திருப்பி வாங்கினோம்,
ஐந்நூறு ரூபாய் கூடுதல்.
"அப்போ நம்ம தனித்தன்மை
ஒரு நட்டு கழண்டதுல இருக்கு," என்றான் ரெஜிஸ்.
இல்லை என்று சொல்ல
எனக்கு வேறொன்றும் கைவசம் இல்லை.

ஜூனில் கொட்டகை முதலாளி ஏசுவடியான்
ஒழுகுகிறதென்று ஆள் வைத்து
கூரை முழுக்க முறுக்கிவிட்டார்.
எங்களிடம் சொல்லவில்லை.
வாடகையில் நூறு கூட்டினார்.

இப்போது அந்த இடம் வரும்போது
தகரம் பேசாமல் இருக்கிறது.
நாலு பேரும்,
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல்,
அரை மூச்சு நிற்கிறோம்.
காதுக்குள் கிளிக் முன்னால் ஓடிவிடுகிறது.
பெனிலா
வாயைத் திறந்து வைத்திருக்கிறாள்.